ஏவுகணைக் கேடயமும் பேச்சு மேசையும்: கொழும்பில் ஒருநாள் பயிற்சியை நடத்துவது எப்படி

ஏவுகணைத் தாக்குதல் பற்றிச் செய்தி வந்தால் நம்மிடையே எழும் முதல் கேள்வி, எத்தனையைச் சுட்டு வீழ்த்தினார்கள் என்பதுதான். பெரும்பாலும் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். ஒரு நாடு கேடயம் (வரும் ஏவுகணைகளை மறித்து வீழ்த்தும் ஏற்பாடு) கட்டினால் எதிர்நாடு என்ன செய்யும், அணுவாயுதப் பேச்சுவார்த்தை ஏன் அந்தக் கேடயத்தில் வந்து முட்டுகிறது என்பதை உயர்தர மாணவர்களுக்குக் கரும்பலகையில் விளக்கினால் பாதி கூட மனதில் நிற்காது. தாயக்கட்டையை உருட்டித் தோற்று, ஓர் உடன்படிக்கையை எழுதி, அந்த உடன்படிக்கையோடு அதே ஆட்டத்தைத் திரும்ப ஆடினால் நிற்கும். அதற்கான வழிமுறை இது. அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியர்கள், விவாத அணிகள், இளைஞர் கழகங்கள் அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாம்.

ஆட்களும் பொருட்களும்

24 பேர் அளவான தொகை. மூன்று தூதுக்குழுக்களுக்கு ஆறு ஆறு பேராக 18, தலைவர் ஒருவர், துணைத்தலைவர் ஒருவர், தொழில்நுட்ப மேசைக்கு மூவர், பதிவாளர் ஒருவர். 18 பேர்தான் வந்தால் குழுக்களை நான்கு நான்காகக் குறையுங்கள். தொழில்நுட்ப மேசையில் கைவைக்க வேண்டாம். அங்கே ஆள் குறைந்தால் கணக்குப் பிழைத்து, மதியத்துக்குள் ஆட்டமே குழம்பிவிடும்.

காலை 9 மணி தொடக்கம் மாலை 4 மணி வரை தேவை. சனி, ஞாயிறு வைத்தால் ரியூசனுக்கென்று பாதிப் பேர் 11 மணிக்கே எழும்பிவிடுவார்கள். வார நாளில் வரும் போயா விடுமுறை வசதி. மண்டபம் ஒன்றும் பக்கத்தில் சிறிய அறை ஒன்றும் வேண்டும். அந்தச் சிறிய அறை இல்லாமல் தொடங்காதீர்கள். உண்மையான இணக்கம் பெரிய மேசையில் வருவது அரிது, ஓர் அறையில் நான்கு பேர் இருக்கும்போதுதான் வரும்.

பிரிஸ்டல் போர்டில் சீட்டுக் கட்டு அளவில் 60 அட்டைகள் வெட்டுங்கள். எல்லாவற்றின் பின்பக்கமும் ஒரே நிறமாக இருக்கட்டும். முன்பக்கத்தில் 32 இல் ‘ஏவுகணை’ என்றும் 28 இல் ‘போலி’ (ஏவுகணை போலத் தோன்றி ஏமாற்றும் வெற்றுப் பொருள்) என்றும் எழுதுங்கள். தடுப்பு ஏவுகணைகளுக்கு 40 பெரிய பொத்தான்கள் போதும். புறக்கோட்டையில் தையல் சாமான் விற்கும் கடைகளில் நிறைக்குக் கிடைக்கும். லூடோவுக்குப் போடும் ஆறுமுகத் தாயக்கட்டை நான்கு, நீள உறைகள் 20, தரையில் ஒட்ட நிற டேப், நேரம் பார்க்க ஒரு கைத்தொலைபேசி. மற்றக் கைத்தொலைபேசிகளை வாசலிலேயே ஒரு பெட்டியில் வாங்கி வையுங்கள்.

நாடுகளுக்குக் கற்பனைப் பெயர் கொடுங்கள்: மேற்கரை, கிழக்கரை, நடுத்தீவு. இந்தியா, பாகிஸ்தான் என்று வைத்தால் பத்து நிமிடத்தில் கிரிக்கெட் மைதானம் ஆகிவிடும். மேற்கரையிடம் 12 ஏவுகணைகளும் 24 தடுப்பு ஏவுகணைகளும் உண்டு. கிழக்கரையிடம் 12 ஏவுகணைகள் உண்டு, கேடயம் இல்லை. நடுத்தீவிடம் ஆயுதமே இல்லை. ஆனால் இரு தரப்பின் ஏவுகணைகளும் அதன் தலைக்கு மேலாலேதான் போகும், இரு தரப்புக்கும் வேண்டிய துறைமுகமும் அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்று. கொழும்பில் எந்த மண்டபத்திலும் குண்டுச் சத்தத்தையோ இடம்பெயர்வையோ நேரில் அறிந்த குடும்பத்துப் பிள்ளைகள் இருப்பார்கள். சைரன் ஒலியோ வெடிச்சத்தமோ போடாதீர்கள். எச்சரிக்கை அட்டையில் மட்டும் வரட்டும். தாக்கப்படும் நகரங்களுக்கு நம் ஊர்ப் பெயர்களை வைக்கவே வேண்டாம்.

தரையில் மூன்று கட்டங்கள்

நிற டேப்பால் தரையில் நீண்ட வில்லொன்றை வரைந்து மூன்றாகப் பிரியுங்கள். கண்டம்விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை ஏறத்தாழ 30 நிமிடம் பறக்கும். எரிபொருள் எரிந்து மேலெழும் முதற்கட்டம் 3 முதல் 5 நிமிடம். அப்போது பளிச்சென்று தெரியும், ஆனால் அடிப்பதற்கு ஏவுதளத்துக்கு மிக அருகில் நிற்க வேண்டும். வளிமண்டலத்துக்கு வெளியே மிதந்து செல்லும் நடுக்கட்டம் ஏறக்குறைய 20 நிமிடம். நேரம் தாராளமாக இருக்கிறது, சிக்கலும் இங்கேதான்: காற்றில்லாத வெளியில் பாரமான வெடிமுனையும் காற்றடைத்த பலூனும் ஒரே வேகத்தில்தான் போகும். கடைசிக் கட்டத்தில் காற்று அந்தப் போலிகளைப் பின்தள்ளிவிடும், ஆனால் கையில் மிஞ்சுவது சில பத்து வினாடிகள். காக்கக்கூடிய நிலப்பரப்பும் சிறியது.

தொழில்நுட்ப மேசையில் ஒரு தாளில் இதை எழுதி வையுங்கள்: இஸ்ரேலின் அயர்ன் டோம் 70 கிலோமீற்றர் வரையிலான குறுந்தூர ரொக்கட்டுகளுக்காக எழுந்தது, அமெரிக்கத் தடுப்புத் தொகுதிகளில் பேட்ரியட் கடைசிக் கட்டத்தில் தாழ்வாக அடிக்கும், தாட் 40 முதல் 150 கிலோமீற்றர் உயரத்தில் அடிக்கும், அலாஸ்காவிலும் கலிபோர்னியாவிலும் நிறுத்தப்பட்ட அமெரிக்காவின் 44 தடுப்பு ஏவுகணைகள் மட்டுமே கண்டம்விட்டுக் கண்டம் பாய்வதை நடுக்கட்டத்தில் மறிக்க அமைந்தவை. “அயர்ன் டோம் இருந்தால் அணுகுண்டும் வராது” என்று யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார். அப்போது இந்தத் தாளைக் காட்டினால் போதும்.

முதல் மூன்று சுற்றுகள்: தாயக்கட்டை

விதி இதுதான். ஒரு பொத்தானுக்கு ஒரு உருட்டல். 1 முதல் 4 வரை விழுந்தால் ஏவுகணை வீழ்ந்தது. 5 அல்லது 6 விழுந்தால் தப்பியது. அதாவது மூன்றில் இரண்டு வெற்றி. ஆட்டத்துக்காக எடுத்த எண் இது. அந்த 44 தடுப்பு ஏவுகணைகளின் இனம், நேரமும் பாதையும் முன்கூட்டியே ஒழுங்கு செய்த சோதனைகளில்கூடப் பாதிக்குச் சற்று மேல்தான் வென்றிருக்கிறது. ஆகவே மேற்கரைக்கு நாம் தாராளமாகவே கொடுக்கிறோம்.

முதல் சுற்று: கிழக்கரை 12 ஏவுகணைகளை ஏவுகிறது. மேற்கரை ஒவ்வொன்றுக்கும் இரண்டு பொத்தான் வைக்கிறது. ஒரு ஏவுகணை இரண்டையும் தாண்ட ஒன்பதில் ஒரு வாய்ப்புத்தான், எனவே கேடயம் நல்ல பலம் போலத் தெரியும். ஆனால் 12 ஐயும் ஒன்று விடாமல் மறிக்கும் வாய்ப்பு 24 சதவீதம் மட்டுமே. நான்கு தடவை ஆடினால் ஏறக்குறைய மூன்று தடவை குறைந்தது ஒரு நகரமாவது போகும். போன நகரத்தின் பெயரெழுதிய அட்டையைக் கவிழ்த்து வைக்காமல் எல்லோருக்கும் தெரியும்படி மேசை நடுவே வையுங்கள்.

இரண்டாம் சுற்று: கிழக்கரை 12 ஏவுகணைகளோடு 12 போலிகளைக் கலந்து 24 அட்டைகளைப் பின்பக்கம் தெரிய வைக்கிறது. மேற்கரையிடம் அதே 24 பொத்தான்கள், அட்டைக்கொன்றாக. இப்போது சராசரியாக நான்கு ஏவுகணைகள் வந்து விழும். 12 ஐயும் மறிக்கும் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

மூன்றாம் சுற்றைத்தான் ஆறுதலாக நடத்த வேண்டும், நாளின் மையம் அது. மேற்கரை முந்திக்கொண்டு தாக்குகிறது, கிழக்கரையின் 12 இல் 9 தரையிலேயே அழிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய 3 ஐ மட்டும் கிழக்கரை ஏவட்டும். மேற்கரை இப்போது ஒவ்வொன்றுக்கும் எட்டுப் பொத்தான் வைக்கலாம். எட்டு உருட்டலிலும் 5, 6 மட்டுமே விழ வேண்டும் என்றால் அது 6561 இல் ஒரு வாய்ப்பு. கேடயம் இறுகிவிட்டது. முழுத் தாக்குதலுக்கு ஓட்டையாக இருந்த அதே கேடயம், முதலில் அடித்தவனுக்கு வரும் பதிலடியை ஏறக்குறைய முழுதாக மறிக்கிறது.

இந்த இடத்தில் மண்டபத்தை நிறுத்தி, கிழக்கரைக் குழுவிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: “அடுத்த தடவை பதற்றம் வந்தால் காத்திருப்பீர்களா?” அவர்கள் பதிலைப் பதிவாளர் சொல்லுக்குச் சொல் எழுதட்டும். காப்புக்காக வாங்கியது என்று ஒருவர் உளமாரச் சொல்வதை, மற்றவர் தாக்குதலுக்கான ஆயத்தமாக வாசிப்பதற்குக் காரணம் கெட்ட எண்ணம் அல்ல, இந்தக் கணக்கு. 1972 மே 26 அன்று அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் தாக்கும் ஏவுகணைகளுக்கான இடைக்கால ஒப்பந்தத்தையும் தடுப்பு ஏவுகணைகளுக்கான உடன்படிக்கையையும் ஒரே நாளில் கையெழுத்திட்டதும் இதே கணக்கால்தான்.

பிறகு இரு தரப்புக்கும் 24 புள்ளிகள் கொடுங்கள். ஏவுகணை 3 புள்ளி, போலி 1, தடுப்பு ஏவுகணை 4. கிழக்கரை எட்டு ஏவுகணைகளோ 24 போலிகளோ வாங்கலாம், மேற்கரைக்கு ஆறு பொத்தான்தான் வரும். இந்த விலைகளும் ஆட்டத்துக்கானவை, ஆனால் சாய்வு உண்மையானது: மறிப்பதைவிடப் பெருக்குவது மலிவு.

நேரம் மிஞ்சினால் ஒரு சுற்றில் ‘பொதுக் கோளாறு’ அட்டையை இழுக்கச் சொல்லுங்கள். அது வந்தால் எல்லாப் பொத்தான்களும் ஒரேயடியாகத் தவறும். 1991 பெப்ரவரி 25 அன்று சவுதி அரேபியாவின் தஹ்ரானில் நடந்தது இது. பேட்ரியட் தொகுதி தொடர்ந்து 100 மணித்தியாலம் இயங்கியதில் அதன் கணினிக் கடிகாரம் சுமார் 0.34 வினாடி பிசகியது. ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணையின் வேகத்துக்கு அது அரைக் கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம். ராடார் தவறான இடத்தில் தேடியது, தடுப்பு ஏவுகணை ஏவப்படவே இல்லை, 28 அமெரிக்கப் படையினர் இறந்தார்கள். திருத்திய மென்பொருள் மறுநாள் வந்து சேர்ந்தது. உருட்டல்கள் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்று நாம் போடும் கணக்கு உண்மையில் உடையும் இடம் இதுதான்.

தாயக்கட்டைக்கு 11 மணிக்கு மேல் நேரம் கொடுக்காதீர்கள். ஆட்டம் சூடாகிவிட்டால் பேச்சுவார்த்தைக்கு யாருக்கும் மனம் வராது.

ஆறு நிமிடம்

அடுத்தது எச்சரிக்கைச் சுற்று. கிழக்கரையைச் சிறிய அறைக்குள் அழையுங்கள். ஆறு நிமிடம், மூன்று அட்டைகள். தொடக்கத்தில்: “செய்மதி ஒரு ஏவுகணை புறப்பட்டதாகச் சொல்கிறது.” இரண்டாம் நிமிடம்: “இப்போது ஐந்து.” நான்காம் நிமிடம்: “தரை ராடாரில் ஒன்றும் இல்லை, அதன் பார்வைக்குள் வர இன்னும் நேரம் வேண்டும்.” ஆறாம் நிமிடம் முடிய ‘ஏவு’ அல்லது ‘பொறு’ என்று எழுதித் தர வேண்டும். மேற்கரையோடு பேச அனுமதி கிடையாது.

முடிவு எதுவானாலும் பாராட்டவோ கண்டிக்கவோ வேண்டாம். அட்டைகள் எங்கிருந்து வந்தன என்பதை மட்டும் சொல்லுங்கள்: 1983 செப்டெம்பர் 26, சோவியத் அதிகாரி ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவின் கடமை நேரம். உயர முகில்களில் பட்ட சூரிய ஒளியைச் செய்மதிகள் ஏவுகணைகள் என்று அறிவித்தன, அவர் அதைப் பொய் எச்சரிக்கை என்று முடிவெடுத்தார். பெட்ரோவிடம் இருந்த நேரம் அயல்நாடுகளுக்கிடையே கிடைக்காது. எல்லை ஒட்டிய நாடுகளில் பறப்பு நேரமே சில நிமிடங்கள்தான்.

பேச்சுவார்த்தை

11.30 க்குத் தொடங்கி, சாப்பாட்டு இடைவேளை போக, 3 மணி வரை. ஐந்து விடயங்கள் மேசையில்: ஏவுகணைகளின் எண்ணிக்கை, தடுப்பு ஏவுகணைகளின் எண்ணிக்கையும் இடமும், சோதனைகளுக்கு முன்னறிவித்தல், பரிசோதனை, விலகும் விதி.

தலைவரைத் தெரிவுசெய்யும்போது நன்றாகப் பேசுபவரை எடுக்காதீர்கள், நன்றாகக் கேட்பவரை எடுங்கள். தலைவர் நடுத்தீவைச் சேர்ந்தவராக அறிவிக்கப்படட்டும். சிறிய நாட்டவர் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு நம் நாட்டிலேயே விடை இருக்கிறது. 1995 இல் நியூயோர்க்கில் அணுவாயுதப் பரவல் தடை உடன்படிக்கையை நீடிக்கும் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் இலங்கையின் ஜயந்த தனபால. உடன்படிக்கையைக் காலவரையின்றி நீடிக்கப் பெரும்பான்மை இருந்தது. ஆனால் வாக்கெடுப்புக்கு விட்டிருந்தால் தோற்ற நாடுகளின் மனக்கசப்பு உடன்படிக்கையை அரித்திருக்கும். மீளாய்வு முறையைப் பலப்படுத்துதல், ஆயுதக்களைவுக்கான கோட்பாடுகள், நீடிப்பு என்ற மூன்று தீர்மானங்களும் மத்திய கிழக்கு பற்றிய ஒரு தீர்மானமும் கட்டாகச் சேர்ந்து, மே 11 அன்று வாக்கெடுப்பின்றி நிறைவேறின. உங்கள் தலைவருக்கும் அதே விதி: ஐந்து விடயங்களையும் தனித்தனியே முடிக்க முயல வேண்டாம். ஒன்றில் விட்டுக்கொடுத்தவருக்கு இன்னொன்றில் கிடைக்கும்படி கட்டாகச் சேர்க்கட்டும். வாக்கெடுப்பு வேண்டாம்.

இங்கே வழக்கமாக வரும் சறுக்கல், அரை மணியில் எல்லோரும் சிரித்துக்கொண்டு கைகுலுக்கிவிடுவது. வீட்டில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதால் வரும் இணக்கம் அது. ஆகவே ஆயுதமுள்ள இரு குழுக்களிலும் இருவருக்கு முத்திரையிட்ட இரகசியத் தாள் கொடுங்கள். ஒருவர் இராணுவம்: “தடுப்பு ஏவுகணைகள் 16 க்குக் கீழே போனால் நான் எதிர்ப்பேன்” என்பது போல (கிழக்கரைக்கு அதே மாதிரி ஏவுகணைகள் பற்றி). மற்றவர் பாராளுமன்றம்: “எங்கள் தளத்துக்குள் வெளியார் வந்தால் தேர்தலில் தோற்போம்.” கடைசியில் ஆறு பேரில் நால்வர் சம்மதித்தால்தான் உடன்படிக்கை அங்கீகாரம் பெறும். 1999 ஒக்டோபர் 13 அன்று அணுச்சோதனைத் தடை உடன்படிக்கையை அமெரிக்க செனட் நிராகரித்தது. அதைக் கையெழுத்திட்டதும் அதே நாட்டின் அரசுதான்.

வாசகங்களில் மூன்று இடத்தைத் தொழில்நுட்ப மேசை கண்காணிக்கட்டும்.

எதைக் குறிக்கிறோம் என்பது முதலாவது. இந்தியாவும் பாகிஸ்தானும் 2005 இல் செய்த ஒப்பந்தப்படி, பாலிஸ்டிக் ஏவுகணைச் (மேலே சொன்ன வில் போலப் பறப்பது) சோதனையைக் குறைந்தது மூன்று நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும். விமானம் போலத் தாழப் பறக்கும் குரூஸ் ஏவுகணைகள் அதில் இல்லை. 2022 மார்ச் 9 அன்று தவறுதலாக ஏவப்பட்டுப் பாகிஸ்தானுக்குள் விழுந்தது பிரம்மோஸ், ஒரு குரூஸ் ஏவுகணை. இந்தியா அதுபற்றிப் பகிரங்கமாகச் சொன்னது மார்ச் 11 அன்று. எனவே ‘ஏவுகணை’ என்று எழுதினால் எந்த வகை என்று கேளுங்கள். சோதனையோடு தவறுதலான ஏவலும் அடங்குமா என்றும் கேளுங்கள்.

இரண்டாவது, எங்கே சோதிக்கலாம். 1986 ஒக்டோபரில் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் அமெரிக்க ஜனாதிபதி ரேகனும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் அணுவாயுதங்களைப் பெருமளவில் ஒழிப்பது வரை பேசிவிட்டு வெறுங்கையோடு பிரிந்தார்கள். விண்வெளிக் கேடயச் சோதனைகளைப் பத்து வருடம் ஆய்வுகூடத்துக்குள் அடக்குவதா என்பதில்தான் முறிந்தது. கேடயத்தை “பிறகு பார்ப்போம்” என்று தள்ளிவைக்கும் உடன்படிக்கை உங்கள் மேசையிலும் அப்படியே முறியும்.

மூன்றாவது, விலகும் விதி. 1972 இன் தடுப்பு ஏவுகணை உடன்படிக்கையில் ஆறு மாத முன்னறிவித்தலோடு விலகலாம் என்றிருந்தது. 2001 டிசெம்பரில் அறிவித்து 2002 ஜூன் 13 அன்று அமெரிக்கா விலகியது. மறுநாளே, தாக்கும் அணுவாயுதங்களைக் குறைக்கும் இரண்டாம் ஸ்டார்ட் உடன்படிக்கை தன்னைக் கட்டுப்படுத்தாது என்று ரஷ்யா அறிவித்தது. கேடயத்தின் கட்டு அவிழ்ந்தால் தாக்கும் ஆயுதங்களின் கட்டும் கூடவே அவிழும் என்பதைக் குழுக்கள் இங்கே நேரடியாகப் பிடித்துக்கொள்ளும்.

ஒருவரே பேசிக்கொண்டிருந்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை பேச்சாளரை மாற்றுங்கள். காஸாவோ உக்ரேனோ வந்து வாக்குவாதம் மூண்டால், சுவரில் ஒட்டிய தாளில் எழுதி வைத்து, தேநீர் நேரத்தில் பேசலாம் என்று சொல்லுங்கள். சொன்னபடி பேசவும் வேண்டும்.

பரிசோதனையும் மறு ஆட்டமும்

உடன்படிக்கை வந்ததும் ஒவ்வொரு தரப்பும் தன் ஏவுகணை அட்டைகளை 10 உறைகளுக்குள் பிரித்து வைத்து, எந்த உறையில் எத்தனை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஏமாற்ற அனுமதி உண்டு: அதிகபட்சம் இரண்டு உறைகளில் கூடுதலாக வைக்கலாம். எதிர்த்தரப்பு விரும்பிய மூன்று உறைகளைத் திறக்கலாம். இரண்டு உறைகளில் களவு இருந்தால் அகப்படும் வாய்ப்பு 53 சதவீதம். ஐந்தைத் திறக்க விட்டால் 78. மூன்று மூன்றாக இரண்டு தடவை, நடுவில் மாற்றி அடுக்கவிட்டுத் திறந்தாலும் 78. ஒரே தடவை ஆழமாகத் துருவுவதற்கு ஒப்புக்கொள்ளாத இராணுவம், சிறு பரிசோதனைகள் பலதுக்கு ஒப்புக்கொள்ளும். 2010 இல் அமெரிக்காவும் ரஷ்யாவும் கையெழுத்திட்ட புதிய ஸ்டார்ட் உடன்படிக்கை வருடத்துக்கு 18 நேரடிப் பரிசோதனைகளை அனுமதித்தது.

உறை திறக்க மறுக்கும் குழுவுக்கு, வெளியிலிருந்தே பார்க்கும் வழிகளையும் சொல்லுங்கள். கண்டிக்கு அருகே பல்லேகலையில் உள்ள நிலநடுக்க நிலையம், அணுச்சோதனைகளைக் கண்டறியும் உலக வலையமைப்பின் ஓர் அங்கம். சோதனைத் தடை உடன்படிக்கையை இலங்கை 2023 ஜூலையில் உறுதிப்படுத்தியது.

இனி எச்சரிக்கைச் சுற்றைத் திரும்ப நடத்துங்கள், இந்தமுறை மேற்கரைக்கு. உடன்படிக்கையில் நேரடித் தொலைபேசி எழுதப்பட்டிருந்தால் மட்டும் ஒரு தொலைபேசியை மேசையில் வையுங்கள். எழுத மறந்திருந்தால் வைக்காதீர்கள், கெஞ்சினாலும். அடுத்து மூன்றாம் சுற்றை, ஒப்புக்கொண்ட புதிய எண்களோடு ஆடுங்கள். முதலில் அடித்தவனின் கேடயம் இன்னும் இறுக்கமாகவே இருந்தால் உடன்படிக்கை வேலை செய்யவில்லை. எண்ணிக்கை குறைந்திருக்கும், பயம் குறைந்திராது. மேற்கரை 24 பொத்தானை 6 ஆக்கியிருந்தால், தப்பிய 3 ஏவுகணைகளில் ஒன்றாவது சென்று சேரும் வாய்ப்பு 30 சதவீதத்துக்கு ஏறும். முதலில் அடிக்க நினைப்பவன் தயங்குவதற்கு அது போதுமா என்று மேற்கரையிடமே கேளுங்கள்.

கடைசி 20 நிமிடத்தில் பதிவாளர் காலையில் எழுதிய கிழக்கரையின் பதிலை வாசித்து, அதே கேள்வியைத் திரும்பக் கேட்கட்டும். உடன்படிக்கைத் தாளையும் இரு பதில்களையும் ஒரே கோவையில் வையுங்கள்.

அதே குழு மறுபடி கூடினால் நடுத்தீவுக்கும் 6 ஏவுகணைகள் கொடுத்துப் பாருங்கள். மூவரில் ஒவ்வொருவரும் மற்ற இருவரையும் கூட்டிக் கணக்குப் பார்ப்பார்கள், சமம் என்ற சொல்லே நிலைக்காது. வாஷிங்டனும் மொஸ்கோவும் பீஜிங்கும் இன்று நிற்கும் இடம் அது. அதற்கு ஒருநாள் போதாது. இரண்டு நாளாக ஒழுங்கு செய்து, முதல் நாள் முழுவதையும் எண்ணிக்கைக்கே விடுங்கள்.